மாடிக்கும் கொல்லைக்கும் நியூட்டன் தேனீப் பெட்டி: கடலூர், புதுவை வீடுகளுக்கு வாங்கலாமா?

புதுவை, கடலூர் பக்கம் வீட்டுத் தோட்டத்துக்கென்று விற்கும் தேனீ வளர்ப்பு செட்டில் பெரும்பாலும் நியூட்டன் பெட்டிதான் வருகிறது. 1910களில் திருச்சியில் பாதிரியார் நியூட்டன் நம் ஊர் அடுக்குத் தேனீக்காகவே வடிவமைத்தது. அடிப்பலகை, புழு அறை, அதன்மேல் தேன் அறை, மூடி, அவ்வளவுதான். அளவு சிறியது, ஒரே ஆள் தூக்கலாம், மாடியிலும் வைக்கலாம். பெட்டியின் வடிவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் செட்டில் எதைச் சேர்க்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்பதில்தான். கையுறை, முகவலை, தேன் எடுக்கும் இயந்திரம் எல்லாம் பளபளவென்று இருக்கும். உருப்படியான ஸ்டாண்டு இருக்காது. இந்தக் கடலோரத்தில் கூட்டத்தைக் காப்பாற்றுவதே ஸ்டாண்டுதான்.

கடையில் முதலில் மூடியைத் திறந்து, தேனீ அடை கட்டும் மரச்சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே 7 முதல் 9 மி.மீ. வழி இருக்க வேண்டும். தேனீ நடமாட விட்டுவைக்கும் இடைவெளி அது. அதைவிட அகலமாக இருந்தால் அங்கே குறுக்கு அடை கட்டிவிடும். பிறகு ஒரு சட்டத்தைத் தூக்கினால் பக்கத்து அடையும் பிய்ந்து வரும், நடுவில் ராணி நசுங்கினால் கூட்டமே போச்சு. அவசரமாக அடித்த பெட்டிகளில் அதிகம் தவறுவது இந்த அளவில்தான். ஸ்கேல் கொண்டுபோய் அளக்கக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்து மரம். பிளைவுட் பெட்டி ஐப்பசி மழையில் உப்பி, பிரிந்துவிடும். பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் துளைப்பூச்சி விழும். தேக்கு நல்லது, பண்ருட்டிப் பக்கம் நன்கு காய்ந்த பலாப் பலகை கிடைத்தால் அதுவும் போதும், உள்ளூர்த் தச்சரிடம் கொடுத்துச் செய்துகொள்ளலாம். கடலை ஒட்டிய வீடுகளில் சாதாரண ஆணி உப்புக்காற்றில் சீக்கிரம் துருவேறிவிடும், துருப்பிடிக்காத திருகாணி கேளுங்கள். பெயின்ட் வெளியே மட்டும், வெளிர் நிறத்தில். உள்ளே ஒரு சொட்டும் கூடாது.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செட்டோடு வரும், அடை கட்ட அறை வடிவம் பதித்த மெழுகு அச்சுத்தாள் பல நேரம் இத்தாலியத் தேனீக்கானது. அதன் அறை பெரியது. அடுக்குத் தேனீ அதில் ஆண் தேனீ அறைகளை நிறையக் கட்டித் தள்ளும். சட்டத்தின் மேல்கட்டையில் அரை அங்குல மெழுகுப் பட்டை ஒட்டிக் கொடுத்தாலே போதும், மிச்சத்தை அதுவே கட்டிக்கொள்ளும்.

இனி ஸ்டாண்டு. இரண்டு முதல் இரண்டரை அடி உயரம், நான்கு கால், எறும்பு ஏறாமல் ஒவ்வொரு காலுக்கும் ஒரு கிண்ணம் தண்ணீர். தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெய் விட்டால் கொசு முட்டையிடாது. மரக்கால் என்றால் கரையான் ஏறாமல் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாம், பண்ருட்டி வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் காலில் மட்டும். நன்றாகக் காய்ந்த பிறகே பெட்டியை ஏற்றுங்கள். கையில் பட்டால் கொப்பளிக்கும். மாங்கிளையோ கொய்யா இலையோ பெட்டியை உரசக் கூடாது, முசுறு எறும்பு அந்தப் பாலத்தில் வந்துவிடும். பெட்டியையும் ஸ்டாண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு பெல்ட் வேண்டும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் இரவை நினைத்துக்கொண்டால் மூடிமேல் ஒரு செங்கல் வைத்தால் போதும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பெட்டியை மார்கழியில் வாங்கி வெயிலில் வாசனை போகக் காயவையுங்கள். கூட்டத்தைத் தையில் வாங்குங்கள். முந்திரி, மா பூக்கும் காலம் அது. பிறகு பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கனும். மழைமாதத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று கூட்டத்தை வாங்கினால் சர்க்கரைப்பாகு ஊற்றியே அலுத்துப்போவீர்கள், அதுவும் பசி தாங்காமல் ஒருநாள் மொத்தமாக ஓடிவிடும்.

விற்பவர் காட்டும் கூட்டத்தில் நான்கைந்து சட்டமாவது தேனீ மூடியிருக்க வேண்டும். அடையை வெயிலுக்குக் காட்டிப் பாருங்கள். அறைக்கு ஒரு முட்டை, அடிப்பகுதியில், இருந்தால் ராணி இருக்கிறது. ஒரே அறையில் மூன்று நான்கு முட்டை தாறுமாறாகக் கிடந்தால் ராணி இல்லை, வேலைக்காரத் தேனீக்களே இட ஆரம்பித்துவிட்டன. அந்தக் கூட்டம் தேறாது. புழு தலையைத் தூக்கியபடி நீர்ப்பை மாதிரி செத்துக் கிடந்தால் பேச்சே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். 1991-92இல் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்த தாய் சாக்புரூட் நச்சுயிரி நோயின் அடையாளம் அது.

இருட்டிய பிறகு வாசலை வலையால் அடைத்துக் கொண்டுவாருங்கள். இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்து வாங்கினால் மறுநாள் பாதித் தேனீ பழைய இடத்துக்கே போய்விடும். புதுப்பெட்டியில் வைத்ததும் ராணி ஓடாதிருக்க வாசலில் ராணித் தடுப்பு மாட்டுவார்கள். சில நாளில் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண் தேனீ வெளியே போக முடியாமல் வாசலில் நெரியும். செட்டோடு வரும் கையேடுகள் பலவற்றில் மாட்டுவது மட்டும் இருக்கிறது, கழற்றுவது இல்லை.

வீட்டில் எங்கே வைப்பது? வாசல் கிழக்கு பார்க்கட்டும், துணிக்கொடியிலிருந்தும் பிள்ளைகள் ஓடும் வழியிலிருந்தும் பத்தடி தள்ளி. தேனீ கூட்டை அசிங்கம் செய்யாது, பறந்துபோய்த்தான் கழிக்கும். வெள்ளை வேட்டி காயும் இடத்துக்கு நேரே என்றால் மஞ்சள் புள்ளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். இரவில் பெட்டிக்கு அருகே விளக்கு எரியக் கூடாது. கொட்டினால் கொடுக்கை உடனே எடுத்துவிடுங்கள், தாமதித்தால் நஞ்சு கூடுதலாக இறங்கும். மூச்சுத் திணறல், உதடு வீக்கம் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி. அப்படி ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் இந்தப் பெட்டியே வேண்டாம், கொசுத் தேனீ வையுங்கள். அது கொட்டாது, தேன் கிடைப்பதும் கொஞ்சம்தான்.

தோட்டத்துக்கு லாபமா என்றால், பயிரைப் பொறுத்தது. தைப்பட்டத்துப் பூசணி, வெள்ளரி, பாகல், தர்ப்பூசணி எல்லாம் காலையில் பூ விரிப்பவை. பிஞ்சு பிடிப்பதில் வித்தியாசம் தெரியும். சுரை பொழுது சாய்ந்து விரிகிறது, அதற்கு அந்துப்பூச்சியோ உங்கள் விரலோதான். தக்காளி, கத்தரிப் பூவை அதிர்த்து மகரந்தம் உதிர்க்க அடுக்குத் தேனீக்குத் தெரியாது. அது கட்டை துளைக்கும் கருவண்டின் வேலை. "எல்லாக் காயும் இரட்டிப்பாகும்" என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதானாலும் தேனீ அடைந்த பிறகு மாலையில். பக்கத்தில் முந்திரித் தோப்பு இருந்தால் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு எப்போது மருந்தடிக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவைத்து, அன்று வாசலை வலையால் அடைத்து, நிழலில், மேலே ஈரச் சாக்கு போடுங்கள். அக்னி நட்சத்திரத்திலும் அந்த ஈரச் சாக்கு வேண்டும், வெயிலில் மெழுகு இளகி அடை சரியும்.

தேன் எடுக்கும் இயந்திரம் ஒரு பெட்டிக்குத் தண்டச்செலவு. இந்தப் பக்கத்து மாடிப் பெட்டியில் வருஷத்துக்கு இரண்டு மூன்று கிலோ வந்தாலே நல்லது. நான்கைந்து வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாம். அடையில் முக்கால் பங்கு அறைகளைத் தேனீ மெழுகால் மூடிய பிறகே எடுங்கள், மூடாத தேன் நுரைத்துப் புளிக்கும். புழு அறைத் தேனில் கைவைக்காதீர்கள், அது மழைக்கால இருப்பு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனும் கொடுக்கக் கூடாது. கையுறையும் பெரிதாகத் தேவையில்லை. முகவலை, தேங்காய் நார் போட்ட புகைப்பான், தேனீயை மெல்லத் தள்ள ஒரு கோழியிறகு போதும்.

ஐப்பசி பிறக்குமுன் தேன் அறையைக் கழற்றிவிடுங்கள். தேனீ மொய்க்காத அடை மெழுகுப் பூச்சிக்குத்தான் தீனி. கழற்றிய சட்டங்களை நெகிழிப் பையில் இறுகக் கட்டி இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும், பிறகு அதே பையில் பரணில் போடலாம். ஃப்ரீசரில் இடம் பிடிக்க வீட்டில் அனுமதி வாங்குவது உங்கள் பாடு.