அமிலச் சூழலில் ஈசினோபிலும் நியூட்ரோபிலும்

ஆஸ்துமா தீவிரமாகும்போது மூச்சுக்குழாய் அமிலத்தன்மை அடைகிறது. வெளிமூச்சைக் குளிரவைத்துச் சேர்த்த நீரில் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கூடும்) பொதுவாக 7.6 அளவில் இருக்கும். 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், கடும் ஆஸ்துமாத் தாக்கத்தின்போது அது 5.2 வரை இறங்கியிருந்தது. பிஎச் ஒன்று குறைந்தாலே ஹைட்ரஜன் அயனி 10 மடங்கு கூடும். அந்த நீரிலுள்ள கார்பன் டைஆக்சைடை ஆர்கான் வாயுவால் வெளியேற்றிவிட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் கரைந்த வாயுவின் அமிலமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இந்தப் புளிப்பில் அதிகம் லாபம் அடைவது ஈசினோபில் என்ற வெள்ளை இரத்த அணுதான். அதன் மேற்பரப்பிலுள்ள ஜிபிஆர்65 ஏற்பி அமிலத்தை உணர்ந்ததும் செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு உயர்கிறது. திட்டமிட்ட செல் இறப்பு தள்ளிப்போகிறது. இந்த ஏற்பி இல்லாத எலிகளில், ஒவ்வாமையைத் தூண்டிய பிறகும், மூச்சுக்குழாயில் ஈசினோபில்கள் குறைவாகவே இருந்தன.

நியூட்ரோபில் என்ற இன்னொரு வெள்ளை அணுவின் ஆயுளும் அமிலத்தில் நீளும். ஆனால் வேலைத்திறன் குறையும்: ஆக்சிஜன் சார்ந்த நச்சுகளை உருவாக்கும் நொதி மந்தமாகிறது, கிருமியைக் கொல்வதும் தளர்கிறது. ஆள் இருக்கிறான், கை ஓடவில்லை.

சிகிச்சையில்தான் உண்மையான பிளவு. ஸ்டீராய்டு ஈசினோபிலின் இறப்பை முடுக்கும். நியூட்ரோபிலின் ஆயுளையோ நீட்டும். எனவே எந்த செல் மிகுந்திருக்கிறது என்பதைச் சளிப் பரிசோதனையில் பார்ப்பது, பிஎச் எண்ணை மட்டும் நம்புவதைவிடப் பயனுள்ளது.