பத்மினி, அம்பாசடருக்கு வெளி பீடிங் மாற்ற: புதுப்பேட்டை சரக்கா, ரெடிமேட் செட்டா?

வெளி பீடிங் என்பது காரின் வெளிப்பக்கத்தில் கதவு, ஃபெண்டர் நெடுக ஓடும் பளபளப்பான உலோகப் பட்டை. அதை மாற்ற நினைப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கடையில் பளபளவென்று தொங்கும் புது செட்டைவிட, லேசாக நெளிந்த பழைய ஒரிஜினல் பீடிங் மேல். மிச்சமாகும் காசைக் கிளிப்பிலும், வீலில் தேய்த்துப் பளபளப்பாக்கும் பஃபிங்கிலும் போடுங்கள். வெளி பீடிங் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் பீடிங்கால் அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் கிளிப்பாலும் கிளிப் உட்காரும் ஓட்டையாலும்தான்.

பத்மினி உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. அம்பாசடர் 2014 மே மாதத்தோடு உத்தர்பாரா ஆலையில் முடிந்தது. இன்று ‘கம்பெனி பீஸ்’ என்று யாராவது நீட்டினால், அது எங்கோ தங்கிப்போன பழைய ஸ்டாக்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் பழைய அட்டைப்பெட்டியில் போட்ட புது டூப்ளிகேட். பெட்டியைப் பார்க்காதீர்கள், பீடிங்கின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

புதுப்பேட்டை

சென்னையில் பழைய வண்டிகளின் உதிரி பாகம் விற்கும் சந்தை இது. காரை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். நிறுத்த இடமில்லை. தவிர, பாலிஷ் போட்ட பழைய காரைப் பார்த்ததும் விலை தானாக ஏறும். எழும்பூரில் இறங்கி நடக்கலாம், இல்லை ஆட்டோ பிடிக்கலாம். கையில் இருக்க வேண்டியவை: கழற்றிய பீடிங்கில் ஒரு துண்டு, உடைந்திருந்தாலும் பரவாயில்லை ஒரு கிளிப், நுணுக்கமாக அளக்க வெர்னியர், அளவு டேப், சின்னக் காந்தம். போனில் படம் காட்டி ‘இது மாதிரி வேணும்’ என்று கேட்டால் ‘இது மாதிரி’தான் கிடைக்கும், இது கிடைக்காது.

பீடிங்கைத் திருப்பினால் இரண்டு ஓரமும் உள்பக்கமாக மடிந்திருக்கும். மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் கிளிப்பின் அளவு. முன்பக்க அகலம் ஒன்றாக இருந்தும் இந்த இடைவெளி அரை மில்லிமீட்டர் மாறியிருந்தால், கிளிப் ஒன்று ஏறவே ஏறாது, அல்லது ஏறி லொடலொடவென்று ஆடும். முன்பக்கத்தை மட்டும் அளந்து வாங்கியவர்கள்தான் அடுத்த வாரம் மாற்றித் தரச் சொல்லி நிற்கிறார்கள்.

காந்தம் பாதி உண்மையைச் சொல்லும். கெட்டியாக ஒட்டினால் அது குரோம் போட்ட இரும்பு, அல்லது 430 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒட்டாவிட்டால் 304 அல்லது 202 ஸ்டீல், அலுமினியம், இல்லை மேசாக் எனப்படும் துத்தநாக வார்ப்பு. அலுமினியம் கையில் எடுத்த உடனே தெரியும், அவ்வளவு லேசு. மேசாக் கனமாக இருக்கும், குரோமுக்கு அடியில் பருப்பருவாகக் கொப்பளித்திருக்கும். 304-ஐயும் 202-ஐயும் காந்தத்தால் பிரிக்க முடியாது. அதற்குக் காயலான் கடைக்காரர்களிடம் சின்ன பாட்டிலில் டெஸ்ட் திரவம் இருக்கும். ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியை வைத்தால் 202 சிவப்பாக மாறும். கேட்டால் போட்டுக் காட்டுவார்கள்.

பழைய பீஸில் எதை மன்னிக்கலாம்? முன்பக்கத்தில் விழுந்த வட்டமான பள்ளத்தை மன்னிக்கலாம், பின்னாலிருந்து மரக்கட்டை வைத்துத் தட்டினால் வந்துவிடும். மடிப்பு ஓரத்தில் விழுந்த கூர்மையான மடங்கலை மன்னிக்க வேண்டாம். நிமிர்த்தும்போது அங்கேதான் கீறல் விடும். நடுவில் யாரோ டிரில் போட்டு ஸ்க்ரூ முடுக்கிய பீஸையும் தள்ளிவிடுங்கள். மடிப்புக்குள் காய்ந்த சேறு படிந்திருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் சாமான். பீடிங் பிழைத்திருக்கும், கூட வரும் இரும்புக் கிளிப்புகள் பிழைத்திருக்காது. ஒரே வண்டியில் இறக்கிய நான்கு கதவு பீஸும் முன் பின் ஃபெண்டர் பீஸும் சேர்ந்து கிடைத்தால், பேரத்தை நீட்டாமல் எடுத்துவிடுங்கள். வெவ்வேறு வண்டியிலிருந்து சேர்த்த செட்டில் கதவுக்குக் கதவு கோடு ஏறி இறங்கி நிற்கும்.

அம்பாசடர்காரர்கள் கிரில் கேட்கும்போது மார்க் 2-வா, மார்க் 3-யா, மார்க் 4-ஆ, நோவாவா என்று சொல்லிக் கேளுங்கள். வெறுமனே ‘அம்பாசடர் கிரில்’ என்றால் கைக்கு வருவது எதுவோ அதுதான்.

விலையை இங்கே எழுதிப் பயனில்லை. ஒரே பீடிங்குக்குக் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை.

வேடிக்கை என்னவென்றால், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத்தான் பீடிங் தேடுவது பெரும்பாடு. பிரிட்டனில் அதன் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இன்றும் உதிரி பாகம் செய்கிறார்கள், வரவழைக்கலாம். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. அங்கே இருந்ததெல்லாம் இரண்டு கதவுதான். அதனால் பின்கதவு பீஸுக்கு எந்த இறக்குமதியும் உதவாது. இருப்பதை நிமிர்த்துவது ஒன்றே வழி.

ரெடிமேட் செட்

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கத்து அக்சசரி கடைகளில் கிடைக்கும் செட்டுகள் பெரும்பாலும் 202 தகட்டை பிரஸ்ஸில் மடித்தவை. 304-இல் குரோமியம் 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் இருக்கும். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள். அண்ணாநகரில் ஷெட்டுக்குள் நிற்கும் வண்டிக்கு இது பெரிய விஷயமல்ல. பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம், ஈசிஆர் என்று கடல் காற்று படும் இடமென்றால் ஒரு மழைக்காலத்துக்குள் டீ சிந்தியது போலப் பழுப்புக் கறை வரும். பாலிஷ் போட்டால் போகும், மறுபடியும் வரும்.

அதைவிடப் பெரிய குறை தகட்டின் கனம். மெல்லிய தகட்டில் மேல்பரப்பு தட்டையாக நிற்காது. ட்யூப்லைட்டை அதில் பார்த்தால் கோடு அலை அலையாகத் தெரியும். ஒரிஜினலில் நேராகத் தெரியும். வாங்குமுன் கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம். பல செட்டுகளில் கிளிப்புக்கான மடிப்பே கிடையாது, பின்னால் டபுள் சைடு டேப் மட்டும். வெட்டிய முனை பிசிறாக இருக்கும், அரத்தால் தேய்க்காமல் பொருத்தினால் துடைக்கும் துணியையும் கையையும் கிழிக்கும். கல்யாண வாடகைக்கு ஓடும் வண்டிக்கு, ஒரே நாளில் வேலை முடிய வேண்டும் என்றால் சரி. வைத்துக்கொள்ளப்போகும் வண்டிக்கு வேண்டாம்.

பஃபிங்கும் பிளேட்டிங்கும்

ஸ்டெயின்லெஸ் பீடிங்குக்கு பிளேட்டிங், அதாவது மேலே குரோம் முலாம் பூசுவது, தேவையே இல்லை. இதைத் தெரியாமல் குரோம் போடக் கொடுத்துக் காசை விடுகிறவர்கள் நிறைய. பள்ளத்தைத் தட்டி எடுத்து, 320-இல் ஆரம்பித்து 600, 1000, 1500 என்று தண்ணீர் பேப்பர் போட்டு, சணல் வீலிலும் பிறகு துணி வீலிலும் பஃப் அடித்தால் கண்ணாடி போல வரும். பீடிங்கை ஒரு மரச்சட்டத்தில் முழு நீளத்துக்கும் தாங்கிப் பிடிக்காமல் பஃப் வீலில் கொடுத்தால், வீல் முனையைப் பிடித்து இழுத்து ஒரு நொடியில் சுருட்டிவிடும். பட்டறையில் அந்தச் சட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். அலுமினிய பீடிங் என்றால் மேலே அனோடைஸ் படலம் (மின்சாரம் கொண்டு ஏற்றிய கெட்டியான ஆக்சைடு தோல்) இருக்கக்கூடும். அதை காஸ்டிக் சோடாவில் எடுத்த பிறகுதான் பஃபிங் பிடிக்கும். அதிக நேரம் ஊறினால் அலுமினியமே கரையும்.

பம்பர், அதன்மேல் நிற்கும் கொம்பான ஓவர்ரைடர், வீல் கப் ஆகியவைதான் பிளேட்டிங் சாமான்கள். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் பிளேட்டிங் பட்டறைகள் உண்டு. எங்கே கொடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: காப்பர் போடுவீர்களா, நிக்கல் தொட்டியில் எவ்வளவு நேரம்? பளபளப்பு குரோமுடையது, ஆனால் துருவைத் தடுப்பது நிக்கல். அலங்கார குரோம் படலம் அரை மைக்ரானைக்கூட எட்டாது, அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அடியில் 20 மைக்ரானுக்கு மேல் நிக்கல் வேண்டும், அதற்குத் தொட்டியில் ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். ‘அஞ்சு நிமிஷம் போதும் சார்’ என்று சொல்லும் இடத்தில் கொடுத்தால் வரும் மழைக்குள் ஊசி முனை அளவில் துருப்புள்ளிகள் கிளம்பும். காப்பர் எதற்கு என்றால், இரும்பில் அரித்த சின்னக் குழிகளை நிரப்பி, பஃப் அடித்து மட்டமாக்க. காப்பர் போட்ட பிறகு, நிக்கலுக்கு முன்னால் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அப்போது தெரியும் குழி கடைசிவரை தெரியும்.

பம்பரின் உள்பக்கத்தில் பிளேட்டிங் சரியாக ஏறாது. அது எந்தப் பட்டறையின் குற்றமும் அல்ல, மின்சாரம் குழிவுக்குள் குறைவாகவே பாயும். வீட்டுக்கு வந்ததும் உள்பக்கத்தைத் தேய்த்து எபாக்சி பிரைமரும் அதன்மேல் பெயிண்ட்டும் அடித்துவிடுங்கள். பம்பர் துருப்பிடிப்பது பெரும்பாலும் உள்ளிருந்துதான்.

ஸ்பிரிங் கிளிப்புகளை பம்பரோடு சேர்த்துப் பிளேட்டிங்குக்குப் போடாதீர்கள். ஆசிடிலும் தொட்டியிலும் ஹைட்ரஜன் ஏறி ஸ்பிரிங் ஸ்டீல் மொறுமொறுப்பாகிவிடும். பொருத்தி அழுத்தும்போது, அல்லது ஒரு வாரம் கழித்துத் தானாகவே, பட்டென்று உடையும். புது நைலான் கிளிப் அளவு பார்த்து வாங்குவது நல்லது. இரும்புக்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் நடுவே அது ஒரு தடுப்பாகவும் இருக்கும்.

மேசாக்கில் வார்த்த மோனோகிராமை (வண்டியின் பெயர் எழுத்து) பிளேட்டிங்குக்குக் கொடுப்பது சூதாட்டம். பழைய குரோமை எடுக்கும் ஆசிட் துத்தநாகத்தையும் தின்னும், பஃபிங்கில் எழுத்தின் விளிம்பு மழுங்கும். கொப்பளம் அதிகமில்லை என்றால் சுத்தம் செய்து அப்படியே விடுங்கள். ‘ஸ்ப்ரே குரோம்’ பக்கமே போக வேண்டாம்.

பொருத்தும் வேலை

கழற்றும்போதே பாதி வேலை தீர்மானமாகிறது. பீடிங்குக்கு மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டி, துணி சுற்றிய பட்டி தகட்டை ஒரு முனையில், கிளிப்புக்குப் பக்கத்தில் விட்டு நெம்ப வேண்டும். நடுவில் பிடித்து இழுத்தால் மடங்கும். சில பீஸின் முனையில் போல்ட் கிளிப் இருக்கும், நட்டு கதவுக்குள். கதவின் உள்பக்க அட்டையான டோர் பேடைக் கழற்றாமல் அதை எடுக்க முடியாது. பேடைக் கழற்றியாயிற்று என்றால் கதவின் அடியில் உள்ள தண்ணீர் ஓட்டைகளையும் குத்தி விடுங்கள்.

பிறகு கிளிப் ஓட்டைகள். துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, எபாக்சி பிரைமர், டச்சப் பெயிண்ட், நன்றாகக் காயவிட்டு, கிளிப்பின் அடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பியூட்டைல் சீலன்ட். இங்கே பலர் கைக்குக் கிடைத்த பாத்ரூம் சிலிகானைப் போடுகிறார்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அதுவே ஓட்டையைத் துருப்பிடிக்க வைக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகையைத்தான் தொட வேண்டும். ஓட்டை பெரிதாகிப்போனால் பெரிய ஸ்க்ரூவைத் தேடாமல் டிங்கரிடம் சின்னத் தகடு வைத்து மூடி, புதிதாகத் துளை போடுங்கள்.

முன்னிருந்து பின்னாக நூல் கட்டி, கிளிப்புகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பீடிங்கின் மேல் மடிப்பை முதலில் மாட்டி, கீழ் மடிப்பை உள்ளங்கையால் கிளிப்புக்கு நேராக அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். முன்கதவு பீஸின் முனைக்கும் ஃபெண்டர் பீஸுக்கும் நடுவே இடைவெளி விட்டு, கடைசிக் கிளிப்பை அழுத்தும் முன் கதவை மெதுவாகத் திறந்து பாருங்கள். முனை இடித்தால் பெயிண்ட்டும் போகும், பீடிங்கும் போகும்.

அலுமினிய பீடிங்கை இரண்டு முனையிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கக் கூடாது. ஒரு மீட்டர் அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் நீளும், இரும்பு அதில் பாதிதான். மே மாத வெயிலில் நடுவில் புடைத்து நிற்பது இதனால்தான்.

டேப் மட்டுமே வழி என்றால் 3எம் விஎச்பி போன்ற அக்ரிலிக் ஃபோம் டேப் வாங்குங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காலையில், நிழலில் ஒட்டி, அழுத்திப் பிடியுங்கள். முழுப் பிடிப்பு வர மூன்று நாள் ஆகும், அதுவரை வாட்டர் வாஷ் கூடாது. புதுப் பெயிண்ட் அடித்த வண்டியென்றால் மூன்று நான்கு வாரம் பொறுங்கள். பெயிண்ட்டிலிருந்து கிளம்பும் ஆவி டேப்பைத் தூக்கிவிடும்.

கண்ணாடி ரப்பரில் ஒரே அறிவுரை: ஈபிடிஎம் எனப்படும் வெயில் தாங்கும் ரப்பராகக் கேட்டு வாங்குங்கள். மலிவான ரப்பர் சென்னை வெயிலில் சீக்கிரமே வெடிக்கும். நடுவில் போகும் பளபளப்புப் பட்டையை இழுத்துப் போடாமல், சோப்புத் தண்ணீர் தடவி, ஓரிரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள், பின்னால் சுருங்கும். கிரீஸ், பெட்ரோல் கிட்டவே வரக்கூடாது.

பம்பருக்கு முன்னால் பைப் கார்டு போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். கிராஷ் கார்டு, புல் பார் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரண் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கம்பெனியிலிருந்து வந்த ஓவர்ரைடர் வேறு, இது வேறு. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 விதியின்படி வின்டேஜ் பதிவு வாங்க நினைப்பவர்களும், வண்டி ஒரிஜினல் வடிவில் இருக்க வேண்டும் என்பதால், இதைத் தவிர்ப்பது நல்லது.

கூலி பேசும்போது ‘பீடிங் மாட்ட இவ்வளவு’ என்று மொத்தமாகப் பேசாதீர்கள். ஓட்டை சரிசெய்வது தனி, மாட்டுவது தனி என்று பிரித்துப் பேசுங்கள். மொத்தமாகப் பேசினால் ஓட்டை வேலையைத்தான் முதலில் விழுங்குவார்கள், பீடிங் மாட்டிய பிறகு அதை யாரும் பார்க்க முடியாது. மாட்டும் முன் ஒவ்வொரு ஓட்டையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகு பாதிக் கூலியைக் கொடுங்கள்.