கார் இன்சூரன்ஸ் புரோக்கர் ஏமாற்றினால்: போலீஸா, ஆம்புட்ஸ்மேனா, நுகர்வோர் ஆணையமா?

புரோக்கரிடம் கொடுத்த பணம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததா? புகார் எழுதும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும். 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி, பிரீமியம் கம்பெனிக்கு வராமல் ரிஸ்க் (பாலிசியின் பாதுகாப்பு) தொடங்காது. புரோக்கர் எழுதிக் கொடுத்த ரசீதை நம்பி வண்டி ஓட்ட முடியாது.

பாலிசியில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள். பிறகு கம்பெனிக்கு போன் செய்யுங்கள். பாலிசித் தாளில் இருக்கும் நம்பர் வேண்டாம், கம்பெனி இணையதளத்தில் இருப்பதை எடுங்கள். பழகிப்போன மோசடி ஒன்று உண்டு: காருக்குப் பணம் வாங்கி, டூ-வீலர் பாலிசி போட்டு, பிடிஎஃப்பில் வண்டி விவரத்தை மாற்றித் தருவது. 2022 ஜூன் கட்டணப்படி 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையுள்ள காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய்; 75 சிசிக்கு உட்பட்ட டூ-வீலருக்கு 538 ரூபாய். பாலிசி எண் நிஜம் என்பதால் "பாலிசி ஆக்டிவா இருக்கு சார்" என்றே கஸ்டமர் கேரிலும் பதில் வரலாம். என்ஜின், சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களை அவர்களையே படிக்கச் சொல்லுங்கள்.

எண் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் போலீஸ். பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) குற்றவியல் சட்டத்தின் 318-ஆம் பிரிவு மோசடி, 336 போலி ஆவணம். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப், "எங்கள் பதிவில் இந்தக் காருக்குப் பாலிசி இல்லை" என்ற கம்பெனியின் மின்னஞ்சல் மூன்றையும் இணையுங்கள். அந்த மின்னஞ்சல் இல்லாமல் போனால் "சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். போலீஸ் வழக்கால் பணம் சீக்கிரம் திரும்பாது. ஆனால் போலிப் பாலிசிக்கு வேறு எந்த வழியும் இதற்கு ஈடாகாது.

பாலிசி நிஜம், விவரம் தவறு என்றால் கதையே வேறு. அதிகம் மாட்டுவது நோ கிளைம் போனஸில்தான், அதாவது கிளைம் வாங்காத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடியில். போன வருடம் கிளைம் வாங்கியதைச் சொல்லியும், பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட புரோக்கர் 50% போனஸ் போட்டுவிடுவார். விபத்து நடந்ததும், பொய்த் தகவல் என்று சொந்தச் சேதத்துக்கான கிளைமைக் கம்பெனி நிராகரிக்கும். இங்கே உங்களுக்குச் சாதகமான வாதம் ஒன்று இருக்கிறது: வாகன இன்சூரன்ஸுக்கான விதித் தொகுப்பான மோட்டார் டாரிஃபின் ஜிஆர் 27 விதிப்படி, பாலிசி கொடுத்த 21 நாளுக்குள் பழைய கம்பெனிக்கு எழுதி போனஸைச் சரிபார்ப்பது புதிய கம்பெனியின் வேலை. எழுதினார்களா என்று கேளுங்கள்.

இந்த வகைக்கு இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் ஆம்புட்ஸ்மேனைத்தான் நான் முதலில் சொல்வேன். கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை, இழப்பீட்டு வரம்பு 50 லட்சம் ரூபாய். 2021 திருத்தத்துக்குப் பிறகு புரோக்கரின் சேவைக் குறைபாடும் இதில் வரும். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதம் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ஓராண்டுக்குள் போகலாம். இடையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார் தளத்தில் (போன் 155255) பதிவு செய்தால் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அங்கே யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. தமிழ்நாட்டுக்கு ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் சென்னையில்.

நேரடி நஷ்டத்துக்கு மேல் ஆம்புட்ஸ்மேன் ஒரு ரூபாய் தரமாட்டார். மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு வேண்டும், புரோக்கரையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக நிறுத்த வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கெடு 2 ஆண்டு. வழக்கை முடிக்கச் சட்டத்தில் 3 மாதம் என்றிருந்தாலும் வாய்தாவில் இழுக்கும். கார் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பெயரில் இருந்தால், மைக்ரோ நிறுவனமாக இல்லாதவரை ஆம்புட்ஸ்மேன் எடுக்கமாட்டார். நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் வர வேண்டும்.

வரிசை மாறினால் ஒரு வழி அடைபடும். ஆம்புட்ஸ்மேன் தீர்ப்பு பிடிக்காவிட்டால் ஏற்காமல் ஆணையத்துக்குப் போகலாம். ஆணையத்தில் வழக்கு இருந்தால் ஆம்புட்ஸ்மேன் தொடவே மாட்டார்.

புகார் எங்கே நடந்தாலும், பாலிசி போலி என்று தெரிந்த அன்றே வண்டியை நிறுத்திவிட்டு கம்பெனி இணையதளத்தில் நேரடியாகப் புதிய பாலிசி எடுங்கள். இடைவெளி விழுந்திருப்பதால் வண்டியைப் பார்வையிட்ட பிறகே சொந்தச் சேதப் பாதுகாப்பு தருவார்கள். கடைசி உண்மையான பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த போனஸும் போய்விடும்.