முந்திரிக்கொத்தா, அச்சு முறுக்கா, கேக்கா?

2022 வரை எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு நான்கு பலகாரம் கட்டாயம். அச்சு முறுக்கு, மைதா மாவைச் சுருட்டிப் பொரிக்கும் கல்கல், பயறும் வெல்லமும் சேர்ந்த உருண்டையை மாவில் முக்கிப் பொரிக்கும் முந்திரிக்கொத்து, ஒரு பிளம் கேக். இது போக அதிரசமும் முறுக்கும் அம்மாவின் மனசைப் பொறுத்து. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து அடுப்பு முன்னால் உட்கார முடியாமல் போனதும், மொத்த வேலையும் என் தலையில் விழுந்தது. எனக்கோ டிசம்பர் கடைசியில் மூன்று நாள் லீவு கிடைத்தால் பெரிய விஷயம். ஒன்றை ஒழுங்காகச் செய்துவிட்டு மற்றதைக் குறைத்துக்கொள்ளலாம் என்று முடிவுக்கு வந்தேன். எந்த ஒன்று என்பதில்தான் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. நான் முந்திரிக்கொத்து கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் கீழே நான் ஓரவஞ்சனை செய்யும்போது யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

ருசியைப் பற்றிப் பேசிப் பயனில்லை, அது அவரவர் நாக்கு. செலவு என்று பார்த்தால் வெண்ணெய், உலர்பழம், முட்டை எல்லாம் சேர்ந்து கேக்தான் கையைக் கடிக்கும். மற்ற மூன்றும் அரிசி, மைதா, பயறு, எண்ணெய்க் கணக்கு. பக்கத்து வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் முட்டை ஒரு பிரச்சினை. தீபாவளிக்கு அவர்கள் தட்டு அனுப்புவார்கள், நாம் பதிலுக்கு முட்டை போட்ட கேக்கை நீட்ட முடியாது. முந்திரிக்கொத்தில் முட்டையே கிடையாது. சரி, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது வேறொன்று. எத்தனை நாள் தாங்கும்?

கிறிஸ்துமஸ் பலகாரம் 25ஆம் தேதி ஒருநாள் கூத்து இல்லை. டிசம்பர் நடுவிலேயே கேரல் குழு வர ஆரம்பித்துவிடும், அதுவும் ராத்திரி பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு. பாடி முடித்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? அப்புறம் தெருவுக்குத் தட்டு, 25ஆம் தேதி அதிகாலை ஆராதனை முடிந்து வரும் சொந்தக்காரர்கள், புது வருஷத்துக்கு வருகிறவர்கள் என்று ஜனவரி 1 வரை டப்பா திறந்து மூடியபடியே இருக்கும். ஆக, பதினைந்து பதினாறு நாள் பலகாரம் பலகாரமாகவே இருக்க வேண்டும். அந்தப் பதினாறு நாளும் எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைக் காலம். காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும்.

இந்த ஈரத்தில் முதலில் கவிழ்வது அச்சு முறுக்கு. பார்க்க அதைப்போல அழகு வேறெதற்கும் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, கொஞ்சம் எள். பூப்போன்ற இரும்பு அச்சைக் கொதிக்கிற எண்ணெயில் சூடேற்றி, மாவில் முக்கால் உயரம்தான் முக்க வேண்டும். முழுக்க முக்கினால் மாவு அச்சின் தலைக்கு மேல் ஏறிப் பிடித்துக்கொள்ளும், பிறகு எண்ணெயில் எவ்வளவு உதறினாலும் கழன்று வராது. புது அச்சு என்றால் சொல்லவே வேண்டாம், முதல் பத்துப் பதினைந்து அதற்கே படையல். இவ்வளவு பாடுபட்டுச் சுட்ட அந்த மெல்லிய இதழ், டப்பா மூடி ஒரு ராத்திரி சரியாக மூடாமல் இருந்தால் நமத்துப்போகும். மலையாளத்தில் இதையே அச்சப்பம் என்பார்கள். இலங்கையில் கொக்கிஸ் என்ற பெயரில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சுடுகிறார்கள். சித்திரையில் சுடுவது புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொள்வேன்.

2023இல் நடந்ததைச் சொன்னால் என் எரிச்சல் புரியும். அந்த வருடம்தான் முதன்முதலாகத் தனியாக நாலையும் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பியிருந்தேன். 15ஆம் தேதி ராத்திரி முந்திரிக்கொத்துக்கு உருண்டை மட்டும் பிடித்து வைத்தேன். மறுநாள் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அச்சு முறுக்கும் கல்கலும் சுட்டேன். ஞாயிறு மழை பிடித்தது. 17, 18 இரண்டு நாளும் தென்மாவட்டங்களில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டியது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, அந்த மட்டில் தப்பித்தோம். வீட்டையும் உடைமையையும் இழந்தவர்களுக்கு நடுவில் அச்சு முறுக்கைப் பற்றிப் புலம்புவது அசிங்கம் என்று தெரியும். ஆனாலும் நடந்தது இதுதான்: மூன்று நாள் மின்சாரம் இல்லை, சுவர் வியர்த்தது, துணி காயவில்லை. 21ஆம் தேதி டப்பாவைத் திறந்தால் அச்சு முறுக்கு அப்பளத்தைத் தண்ணீரில் போட்டெடுத்த மாதிரி வளைகிறது. கல்கலின் மேல் பூசிய சீனிப் பாகு கசிந்து, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டி. வெயிலில் காயவைக்கலாம் என்றால் வெயில் எங்கே?

உருண்டைகள் மட்டும் போட்டது போட்டபடி இருந்தன.

கல்கலைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர் வீட்டில் பழகிய என் மைனி சொல்லிக்கொடுத்துத்தான் செய்தேன், அதுவும் மொத்தம் இரண்டு தடவை. மைதா மாவைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி, முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ அழுத்திச் சுருட்டினால் கிளிஞ்சல் மாதிரி வரும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே சுருட்டினால் அது விளையாட்டு. தனியாள் ஒரு கிலோ மாவைச் சுருட்டினால் அது தண்டனை. சீனிப்பாகு பூசாமல் மாவிலேயே சீனி சேர்த்துச் சுட்டால் கசியாது என்று மைனி சொல்கிறாள். நான் செய்து பார்க்கவில்லை.

கேக்கோடுதான் உண்மையான போட்டி. தாங்குவதில் அதை லேசில் தள்ள முடியாது. உலர்திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் ரம்மிலோ பிராந்தியிலோ ஊறவைத்துச் சுட்ட கேக் வாரக்கணக்கில் நிற்கும், நாள் ஆக ஆக ருசியும் ஏறும். கேரளத்துத் தலைச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர் 1883இல் கிறிஸ்துமஸ் கேக் சுட்ட கதையை இன்றும் சொல்வார்கள். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவர் இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கைக் காட்டி, இதேபோல் வேண்டும், பிரெஞ்சு பிராந்தி ஊற்று என்றாராம். பாப்பு உள்ளூர்ப் பழச் சாராயத்தை ஊற்றிச் சுட்டு, அவரையே சபாஷ் போட வைத்தாராம். கதையில் எனக்குப் பிடித்தது அந்தச் சாராயம்தான், ஏனென்றால் எங்கள் வீட்டில் பிரச்சினையே அதில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக்குள் ரம் பாட்டில் நுழையாது. அப்பா இருந்தவரை நுழையவில்லை, இப்போது அம்மா விடமாட்டாள். திராட்சைச் சாற்றில் ஊறவைத்த பழத்தில்தான் எங்கள் கேக். அது மழைக்காலத்தில் வெளியே வைத்தால் ஐந்தாறு நாளில் அடிப்பக்கம் வாடை தட்டுகிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டையாகிறது. ரம் ஊற்றுகிற வீட்டுக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம், உங்கள் கணக்கு வேறு.

2023இல் கேக்குக்கு இன்னொரு சோதனை. பழம் ஊறி ரெடியாக இருக்கிறது, மின்சாரம் இல்லாததால் ஓவன் சும்மா நிற்கிறது. கடைசியில் பழைய குக்கரில் மணல் போட்டு, கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றிவிட்டு, கேஸ் அடுப்பில் சிறு தீயில் வைத்துச் சுட்டேன். அம்மா காலத்து முறை. மேலே நிறம் வரவில்லை, ஆனால் வெந்திருந்தது. அதற்கு முந்தின ஒரு வருடம் கலவையைப் பேக்கரி ஒன்றில் கொடுத்துச் சுட்டு வாங்கினேன். விளிம்பெல்லாம் கரி, நடுவில் பச்சை மாவு. அந்தக் கடை எது என்று சொல்லி என்ன ஆகப்போகிறது, சீஸன் நேரத்தில் ஆயிரம் தட்டுக்கு நடுவில் என் தட்டும் ஒன்று.

இனி முந்திரிக்கொத்து. வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, இதில் முந்திரி எங்கே? முந்திரிப்பருப்பு ஒன்றுகூடக் கிடையாது. மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. மூன்று உருண்டைகளைச் சேர்த்து எண்ணெயில் போட்டால் மேல்மாவு ஒட்டித் திராட்சைக் கொத்துபோல வரும், அதனால் அந்தப் பெயர். அம்மா நாகர்கோவில்காரி, அவள் கொண்டுவந்த சீதனத்தில் மிச்சம் இருப்பது இதுதான்.

ஒரு கிலோ சிறுபயற்றை மணம் வரும்வரை வறுத்து, உடைத்துத் தோலைப் புடைத்துவிட்டு, ரவையை விடக் கொஞ்சம் நைசாகத் திரித்துக்கொள்வேன். முக்கால் கிலோ வெல்லம். கருப்பட்டி போட்டால் இன்னும் விசேஷம், நல்ல கருப்பட்டி கிடைக்க வேண்டுமே. ஒரு தேங்காய், நூறு கிராம் வறுத்த எள், ஏலக்காய், சுக்கு. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஒற்றைக் கம்பிப் பதத்தில் இறக்கி, எல்லாவற்றிலும் ஊற்றிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிக்க வேண்டும். கை சுடும். அதற்கு மருந்து இல்லை, பக்கத்தில் ஒரு கிண்ணம் அரிசிமாவு வைத்துத் தொட்டுக்கொள்ளலாம். நூறு உருண்டைக்குக் குறையாது.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. இந்த உருண்டையை அன்றைக்கே பொரிக்க வேண்டியதில்லை. ஒரு ராத்திரி இறுக விட்டு டப்பாவில் போட்டுவிட்டால் அது தன்பாட்டுக்குக் கிடக்கும். வறுத்த பயறும் வெல்லப்பாகும், ஈரத்துக்கு அங்கே வேலை குறைவு. கேரல் குழு வரும் நாளில் இருபது உருண்டை, 24ஆம் தேதி நாற்பது, 31ஆம் தேதி மிச்சம் என்று வேண்டும்போது எடுத்து, பச்சரிசி மாவில் உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டுத் தோசைமாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, முக்கிப் பொரித்தால் போதும். வேலை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. முதல் பாதியை ஒரு சனிக்கிழமை முடித்துவிடலாம், அடுத்த பாதி அரைமணி நேரம். அச்சு முறுக்கு மாவைக் கரைத்து வைத்துப் பத்து நாள் கழித்துச் சுட முடியுமா?

பொரித்ததும்கூட நமத்துப்போகும் என்ற பயம் இல்லை. மேல்தோல் முதல் நாள் மொறுமொறுப்பாக இருக்கும், மறுநாள் மெத்தென்று ஆகிவிடும். யாரும் முகம் சுளிப்பதில்லை. அது மொறுமொறுப்பை நம்பிப் பிழைக்கிற பலகாரம் இல்லை.

இதன் எமன் தேங்காய். மூன்று வருடமாக அம்மா அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையே சொல்கிறாள். “ஏட்டி, இன்னும் வறு. ஈரம் நின்னா சிக்கு வாடை அடிச்சிரும். கையில எடுத்தா மணல் மாதிரி உதிரணும்.” பூவாகத் துருவி, எண்ணெய் விடாமல், பொன்னிறம் தாண்டி லேசாகச் சிவக்கும்வரை வறுக்க வேண்டும். இருபது நிமிடம் கரண்டியை விட்டு நகரக் கூடாது. ஒரு தடவை அவசரத்துக்குக் கடையில் வாங்கிய முந்திரிக்கொத்தைக் கடித்தபோது அந்தக் காறல் நாக்கில் நின்றது, தேங்காயை அரைகுறையாக வறுத்திருப்பார்கள். தேங்காயே இல்லாமல் செய்கிறவர்களும் உண்டு. நாள் கூடுதலாக நிற்கும், ஆனால் அம்மாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. 2024இல் பாகைக் கொஞ்சம் கூடுதலாக விட்டுவிட்டேன். உருண்டை கல்லானது. எதிர்வீட்டு மாமா தட்டை வாங்கிக்கொண்டு, “அம்மா, இதோட சுத்தியலும் உண்டா?” என்று கேட்டார். பல்செட் போட்டவர், அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மிச்ச உருண்டைகளை உரலில் இடித்து, இளம்பாகு தெளித்து, மறுபடி பிடித்துத்தான் ஒப்பேற்றினேன். அதேபோல் சின்னப் பிள்ளைகள் முந்திரிக்கொத்தைத் தேடி வருவதில்லை. அவர்களுக்குக் கேக்கில் செர்ரி இருக்க வேண்டும், அச்சு முறுக்கை விரலில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். பழுப்பு நிற உருண்டைக்கு எந்தப் பிள்ளையும் மயங்காது. பதினாறு நாள் தாங்கும் என்று நான் சொல்வதுகூட எங்கள் வீட்டு டப்பாவை வைத்துத்தான். அதற்கு மேல் மிஞ்சியதில்லை.

பிள்ளைகளுக்காக ஒரு சின்னக் கேக் மட்டும் இப்போதும் உண்டு. 23ஆம் தேதி சுட்டு 27க்குள் முடித்துவிடுகிற அளவில், அரைக்கிலோ. கல்கல் மைனி பொறுப்பு, பெரம்பூரிலிருந்து வரும்போது ஒரு டப்பா கொண்டுவருவாள். பதிலுக்கு இங்கிருந்து அவளுக்கு ஐம்பது உருண்டை பொரிக்காமல் போகிறது, மாவு கரைக்கும் அளவை ஒரு தாளில் எழுதி டப்பா மூடியில் ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். அம்மாவின் அச்சைத் தேங்காய் எண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். என்றைக்காவது மழை இல்லாத டிசம்பர் வந்தால் எடுக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டு, “பார்ப்போம்” என்றாள்.