சயின்டிஃபிக் கால்குலேட்டர்: எல்லாம் சரி, அந்த அடைப்புக்குறிதான் இடிக்கிறது

தண்டையார்பேட்டையில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டேஷனரி கடையில் வாங்கினேன். விலை ஆயிரத்துச் சொச்சம். "இன்ஜினியரிங் பசங்க எல்லாம் இதைத்தான் கேக்குறாங்க டீச்சர்" என்றார் கடைக்கார அண்ணன். சைன், காஸ், மேட்ரிக்ஸ் எல்லாம் ஒழுங்காக வருகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் வாங்கியதே காரணிப்படுத்தும் பட்டனுக்காகத்தான், அதாவது ஓர் எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாக உடைத்துக் காட்டும் பட்டன்.

எண்ணை அடித்துச் சமக்குறியை அழுத்த வேண்டும், அப்புறம் ஷிஃப்ட், ஃபேக்ட். 10 இலக்கம் வரை பிரிக்கும். 10 இலக்கம் என்றதும் பிள்ளைகள் செய்த முதல் வேலை, வீட்டு மொபைல் நம்பரை அடித்துப் பார்த்ததுதான். பத்து ஒன்றுகளை வரிசையாக அடித்தால் 11×41×271×9091 என்று வருகிறது. 9876543210-ஐயும் முழுசாக உடைத்துவிட்டது: 2×3²×5×17²×379721.

அதே இலக்கங்களை வரிசை மாற்றி 1234567890 என்று அடித்தேன். 2×3²×5×(13717421) என்று வந்து நின்றுவிட்டது. இலக்கங்களின் கூட்டல் 45, அதனால் இரண்டிலும் 3² வருவது சரி. "இதுக்கு மட்டும் ஏன் டீச்சர் அடைப்புக்குறி?" என்று ஒருத்தி கேட்டாள்.

காரணம் இதுதான். மூன்று இலக்கப் பகா எண்கள் வரைதான் இது வகுத்துப் பார்க்கும். நான்கு இலக்கத்தில் முதல் பகா எண் 1009, அதன் வர்க்கம் 1018081. மிச்சம் இருப்பது அதைவிடச் சின்னது என்றால் அது பகா எண்ணேதான், சந்தேகமில்லை. அதற்கு மேலே போனால் கையை விரித்து, அடைப்புக்குறிக்குள் போட்டுவிடும்.

எரிச்சல் என்னவென்றால், உள்ளே இருப்பது பகா எண்ணா இல்லையா என்று அந்தக் குறி சொல்வதே இல்லை. 4294967297-ஐ அடித்துப் பாருங்கள். இது 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டியது. பகா எண் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார்; 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் 641-ஆல் வகுபடும் என்று காட்டினார். கால்குலேட்டரும் 641×(6700417) என்கிறது. இங்கே அடைப்புக்குறிக்குள் இருப்பது நிஜமாகவே பகா எண். 13717421 அப்படி இல்லை.

அதை உடைக்க அதே ஃபெர்மாவின் வழியே கைகொடுத்தது: எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால், a²-b² = (a-b)(a+b) என்று உடைந்துவிடும். வர்க்கமூலம் 3703-ஐத் தாண்டுகிறது. 3704-இன் வர்க்கத்தில் இந்த எண்ணைக் கழித்தால் 2195, வர்க்க எண் இல்லை. 3705-க்குப் போனால் 9604, அது 98-இன் வர்க்கம்! ஆக 3705-98, 3705+98, அதாவது 3607×3803. இரண்டாவது அடியிலேயே விழுந்துவிட்டது. வகுப்பில் ஒரே சத்தம்.

கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கலாம். எட்டாம் வகுப்புப் பையனுக்கு வேண்டாம், மீ.சி.ம.வைக் கையால் போடட்டும். பில்லோடு வாரன்டி அட்டையில் கடை சீல் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். கேட்டால்தான் குத்துகிறார்கள்.