பழைய கார்ட்டூன் கேசட்டும் யூஎஸ்பி கேப்சர் கார்டும்: நான்கு மழைக்காலத்துக்குப் பிறகு

மூணாறு, பீர்மேடு எஸ்டேட் லயங்களில் பெட்டிக்குள் கிடக்கும் வீடியோ கேசட்டுக்கு எமன் வயசு இல்லை, ஜூனில் பிடித்து செப்டம்பர் வரை விடாத மழை. 1993-ல் தூர்தர்ஷன் ஓட்டிய மோக்ளி கார்ட்டூனைப் பதிந்து வைத்திருந்தால், கம்ப்யூட்டருக்கு மாற்ற டெக்கில் (வீடியோ கேசட் பிளேயரில்) போடும் முன் கேசட் ஜன்னலில் டார்ச் அடித்துப் பாருங்கள். ரீல் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூசணம். போடவே கூடாது, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும்.

கேசட்டின் அடியில் ஐந்து ஸ்க்ரூ. கழற்றி, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். காய்ந்த பொடியை நூல் பிரியாத துணியில் 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு துடைக்கலாம். தேனி, கம்பத்தில் மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடையில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். டெக்கின் ஹெட்டுக்கு மட்டும் காது குடையும் பஞ்சு வேண்டாம். நார் மாட்டி ஹெட் முனை உடையும். ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத்தாளை, ஹெட் பதிந்த உருளையான டிரம்மில் அசையாமல் வைத்து, டிரம்மைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் போச்சு.

இனி கேப்சர் கார்டு, அதாவது டெக்கில் ஓடும் படத்தை யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் கருவி. ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்கு வரும் பெயரில்லாத கார்டு, கொடுத்த காசுக்கு மோசமில்லை. படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வந்தால் கார்டு பழுது என்று திருப்பி அனுப்பாதீர்கள்; செட்டிங் அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி-யில் நிற்கும். நம்மூர் டிவி முறையான பால் (PAL), 720x576, நொடிக்கு 25 பிரேம் (படம்) என்று மாற்றினால் சரியாகிவிடும். ஒரு காதில் மட்டும் சத்தம் கேட்டால், டெக்கு மோனோ, ஒரே சேனல் சத்தம்தான். சாஃப்ட்வேரில் மோனோ போட்டால் தீர்ந்தது.

உண்மையான குறை வேறு. கசங்கிய டேப்பில் சிக்னல் ஆடும்போது கார்டு பிரேமைத் தவறவிடும். அரை மணி நேரத்தில் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். யூஎஸ்பி ஹப் இல்லாமல் நேராகச் செருகினால் ஓரளவு குறையும். பழைய டிவிடி ரெக்கார்டர் கிடைத்தால் டெக்குக்கும் கார்டுக்கும் நடுவில் கோர்த்துப் பாருங்கள், சில மாடல்கள் ஆட்டத்தை நன்றாகவே கட்டும்.

பதியும் சாஃப்ட்வேரான ஓபிஎஸ்-இல் எம்பி4 ஃபைல் வேண்டாம், எம்கேவி ஃபைலில் பதியுங்கள். மழையில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும். சாதாரண எம்பி4 என்றால் மொத்தமும் குப்பை. பிட்ரேட்டை (நொடிக்கு எவ்வளவு டேட்டா என்பதை) 8 எம்பிபிஎஸ் வைத்தால் மணிக்கு 3.6 ஜிபி, மூன்று மணி நேரம் ஓடும் ஒரு இ-180 கேசட்டுக்கு 11 ஜிபி. கார்ட்டூன் கோடுகளில் சீப்புப் பல் மாதிரி தெரிவது இன்டர்லேஸ், ஒவ்வொரு படத்தையும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டாகப் பிரித்து அனுப்பும் டிவி முறை. பதியும்போதே அதை நீக்கிவிடாமல் மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பிரதியில் மட்டும் அதை நீக்கும் பிடபிள்யூடிஃப் (bwdif) ஃபில்டர் போடுங்கள். கீழ் ஓரத்தில் நெளியும் பத்து வரி டெக்கின் இயல்பு, அதை வெட்டிவிடலாம். விளம்பரத்தை வெட்டாதீர்கள். கார்ட்டூன் எங்காவது கிடைக்கும், நடுவில் வந்த சோப்பு விளம்பரம் கிடைக்காது.

டைட்டில் பாட்டு ஆன்லைனில் கேட்கும்போது கொஞ்சம் இழுப்பதாகத் தோன்றினால் காது கெட்டுப்போகவில்லை. 24 பிரேம் ஃபிலிமை பால் ஒளிபரப்புக்கு 25 ஆக்கும்போது வேகம் 4% கூடும், குரலும் ஒரு பிடி ஏறும். கேசட்டில் இருப்பது பெரும்பாலும் அந்த வேகம்தான்.

2007-க்குப் பிந்தைய சுட்டி டிவி பதிவுகள் செட்டாப் பாக்ஸ் பென்டிரைவில் இருந்தால், பெரும்பாலும் அந்த பாக்ஸில் மட்டும்தான் ஓடும். பாக்ஸ் உயிரோடு இருக்கும்போதே ஏவி அவுட்டில் இருந்து இதே கார்டில் பிடித்துவிடுங்கள்.