பிளஸ் டூவுக்குப் பின் நர்சிங்: அரசு பி.எஸ்சி., தனியார் பி.எஸ்சி., டி.ஜி.என்.எம்., எய்ம்ஸ்... எது யாருக்கு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "டிகிரியா, டிப்ளமாவா?" அதற்கு முன் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: நோயாளிகள் நிரம்பிய வார்டில் நின்று கற்றுக்கொள்ளும் இடம் எது? நர்சிங்கில் பாதிப் படிப்பு மருத்துவமனையில்தான் நடக்கிறது. அந்த மருத்துவமனை காலியாகக் கிடந்தால் சான்றிதழில் எந்தப் பெயர் இருந்தும் பயனில்லை.

முதலில் தகுதி. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 45 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40 போதும். ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். உயிரியல் இல்லாத கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்காரர்களுக்கு பி.எஸ்சி. கிடையாது. மூன்றாண்டு நர்சிங் டிப்ளமாவான டி.ஜி.என்.எம்.முக்கு இந்திய நர்சிங் கவுன்சில் விதி எந்தப் பாடப்பிரிவையும் அனுமதித்தாலும், அறிவியல் பிரிவுக்கே முன்னுரிமை. ஆகவே அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைப் படித்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மாநிலக் கலந்தாய்வுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். உயிரியலுக்கு 100, மற்ற இரண்டும் பாதியாகி 100, ஆக மொத்தம் 200. உயிரியலில் 92, இயற்பியலில் 80, வேதியியலில் 84 எடுத்தவரின் கட்-ஆஃப் 92 + 40 + 42 = 174. சென்னை மருத்துவக் கல்லூரி, மதுரை, சேலம் போன்ற அரசு நர்சிங் கல்லூரிகளில் இடங்கள் மிகக் குறைவு. அதனால் கட்-ஆஃப் உச்சத்தில் நிற்கும். கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், சேர்ந்துவிடுங்கள். கட்டணம் சொற்பம், வார்டு நிரம்பியிருக்கும், பட்டம் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தினுடையது.

அது கிடைக்காதபோதுதான் உண்மையான போட்டி தொடங்குகிறது: அரசு மருத்துவமனையில் டி.ஜி.என்.எம்.மா, தனியாரில் பி.எஸ்சி.யா?

வேலையை வைத்துக் கணக்குப் போடுவோம். தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியர் எடுக்கும்போது, இரு படிப்பினரும் ஒரே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். டிப்ளமாக்காரர் ஓராண்டு முன்பே அந்த வரிசைக்கு வந்துவிடுகிறார். மத்திய அரசின் எய்ம்ஸ் மருத்துவமனைகளில் கணக்கு தலைகீழ். அங்கே செவிலியர் வேலைக்கான நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்றவர் நேரடியாக எழுதலாம். டி.ஜி.என்.எம். முடித்தவர் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டாண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். 2025-இல் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டால், பட்டப் படிப்புக்காரர் 2029-இல் தயார், டிப்ளமாக்காரர் 2030-இல்தான். நடுவில், டிப்ளமா முடித்தவர்களுக்கான இரண்டாண்டு பட்டப் படிப்பான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தாலும் அதே 2030. எய்ம்ஸ் நர்சிங் ஆபீசருக்கு அடிப்படைச் சம்பளம் மட்டும் 44,900 ரூபாய் என்பதால், அங்கே போகத் துடிப்பவருக்கு அந்த ஓராண்டு முக்கியம். எம்.எஸ்சி. படித்து ஆசிரியராக நினைப்பவருக்கும் நேர் பி.எஸ்சி.யே குறுக்கு வழி, பி.எஸ்சி.க்குப் பின் ஓராண்டு அனுபவம் இருந்தால் போதும்.

வீட்டில் பணம் இல்லை, உள்ளூரிலேயே அரசு வேலை போதும் என்பவருக்கு, தனியாரில் கடன் வாங்கிச் சேரும் மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டு பி.எஸ்சி.யைவிட அரசு டி.ஜி.என்.எம். நூறு மடங்கு மேல். இதைச் சொல்லும்போது "டிப்ளமாதானே" என்று முகம் சுளிக்கும் உறவினர்கள் இருப்பார்கள். பெரிய அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் இரவுப் பணி பார்த்துப் பழகிய கைக்கு எந்த மருத்துவமனையிலும் மதிப்பு உண்டு.

தனியாரில் சேர்வதென்றால் கலந்தாய்வு வழி அரசு ஒதுக்கீட்டு இடத்தையே முதலில் தேடுங்கள். மேனேஜ்மென்ட் இடத்தில் கல்விக் கட்டணம் என்று சொல்லும் தொகை பாதிதான். விடுதி, பேருந்து, கிளினிக்கல் எனும் மருத்துவமனைப் பயிற்சி, சீருடை, பல்கலைக்கழகக் கட்டணம் என்று பின்னால் வரிசையாக வரும். நான்கு ஆண்டுக்கும் மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் சேர வேண்டாம்.

அதைவிடப் பெரிய சோதனை மருத்துவமனை. கல்லூரிக்கு 100 படுக்கை கொண்ட சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும், அதில் குறைந்தது 75 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. ஆய்வு நாளன்று மட்டும் நிரம்பும் இடங்களும் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போய் வார்டுகளைச் சுற்றிப் பாருங்கள். படுக்கையில் ஆளில்லை என்றால் உங்கள் பிள்ளையை தினமும் பேருந்தில் வேறு ஊர் மருத்துவமனைக்கு ஏற்றிப் போவார்கள். பட்டம் பெற கிளினிக்கல் வருகை 100 சதவீதம் வேண்டும். விட்ட நாளையெல்லாம் ஈடுகட்டியே ஆக வேண்டும். பயணத்திலேயே களைத்துப்போகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

புரோக்கர் வழி பெங்களூரு, மங்களூரு போகிறவர்களுக்கும் இதே அளவுகோல்தான். கூடவே கல்லூரியின் பெயர் கர்நாடகத்தின் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழக இணைப்புப் பட்டியலிலும் கவுன்சில் இணையதளத்திலும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். புரோக்கர் காட்டும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம்.

மத்திய நிறுவனங்கள் தனி வழி. எய்ம்ஸ் பி.எஸ்சி. ஆனர்ஸ் பெண்களுக்கு மட்டும். ஆங்கிலமும் சேர்த்து 55 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 50. நுழைவுத் தேர்வு இரண்டு மணி நேரம், 100 கேள்வி: மூன்று அறிவியல் பாடங்களிலும் தலா 30, பொது அறிவு 10. தவறான விடைக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் போகும். விண்ணப்பம் இரண்டு கட்டம்: அடிப்படைப் பதிவைத் தவறவிட்டால் இறுதிப் பதிவுக்குப் போகவே முடியாது. போட்டோ, கையெழுத்து அளவு சரியில்லை என்று நிராகரிக்கப்படுவதும் சகஜம். விண்ணப்ப நிலவரத்தை அடிக்கடி திறந்து பாருங்கள்.

புதுச்சேரி ஜிப்மரும் ராணுவ நர்சிங்கும் நீட் மதிப்பெண் கேட்கின்றன. ராணுவ வழியில் புனே, பெங்களூரு உட்பட ஆறு கல்லூரிகள், பெண்களுக்கு மட்டும். படிப்பு இலவசம், ஆனால் பணியாற்றும் உறுதிப் பத்திரம் உண்டு. நீட் மதிப்பெண்ணுக்குப் பின் ஆங்கிலமும் பொது அறிவுத்திறனும் சோதிக்கும் கணினித் தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை. "நர்சிங்குக்கு நீட் வேண்டாமே" என்று இங்கே பலர் பதிவு செய்வதே இல்லை. நீட் பதிவு பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடுவதால், பிறகு வருந்திப் பயனில்லை.

பையன்கள் கவனிக்க: எய்ம்ஸ் படிப்பும் ராணுவ நர்சிங்கும் உங்களுக்கு இல்லை. மாநிலக் கலந்தாய்வு, ஜிப்மர், தனியார் கல்லூரிகள்தான். நார்செட்டிலும் ஆண்களுக்கு இடம் குறைவு. ஆக, கட்-ஆஃபை உயர்த்துவதில் உங்களுக்குத்தான் அதிக அக்கறை வேண்டும்.

பட்டம், டிப்ளமா இரண்டுக்கும் மாநிலக் கலந்தாய்வை நடத்தும் தேர்வுக்குழு தனித்தனி விண்ணப்பம் வாங்குகிறது; இரண்டையும் போட்டு வையுங்கள். கலந்தாய்வு தாமதமாகிறதே என்று பயந்து ஜூனிலேயே தனியார் கல்லூரியில் டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று மூன்றின் அசலையும் கொடுத்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பிறகு அரசு இடம் கிடைத்தாலும் முழுக் கட்டணம் கட்டினால்தான் சான்றிதழ் என்பார்கள். அசலைக் கலந்தாய்வு முடியும்வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நகல் கொடுத்து முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை அந்த ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.